காவிரியில் நின்று பார்த்த மலை

திருவரங்கத்திலிருந்து திருச்சி நகருக்குள் வரும் பேருந்து காவிரிப் பாலத்தின் மேல் ஏறியதும், உள்ளே அமர்ந்திருக்கும் முதியவர்களின் கைகள் தாமாகவே கன்னத்துக்குப் போகும். எதிரே மலைக்கோட்டை. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், இடையில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். நானூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஒரு காலத்தில் மூச்சு வாங்காமல் ஏறிய கால்கள் இப்போது ஏற மறுக்கின்றன. ஆகவே பாலத்தின் மேலிருந்தே ஒரு கும்பிடு. பேருந்து ஆற்றைக் கடக்கும் அந்த ஓரிரு நிமிடங்களே அவர்களுக்கு மலையேற்றம்.

இதே காவிரியில் நின்று, இதே மலையை, 1792-ஆம் ஆண்டில் இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் பார்த்தார்கள். பார்த்ததைக் காகிதத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு போனார்கள். காவிரியாற்றிலிருந்து கண்ட திருச்சிராப்பள்ளிப் பாறை என்னும் பொருள்பட அவர்கள் தலைப்பிட்ட அந்தப் படம் இன்றும் பார்ப்பவரை நிறுத்தி வைக்கிறது. முன்னே நீர், அப்பால் மரங்கள், அவற்றுக்கு மேல் மலை. சொல்லப்போனால் படத்தில் இருப்பது இவ்வளவுதான். ஆனால் சோழர்களின் பழைய தலைநகரான உறையூரின் கதையை அறிந்த ஒருவர் அந்தப் படத்தின் முன் நின்றால், வரைந்தவர்கள் காட்டியதைவிடப் பன்மடங்கு காண முடியும்.

வரைந்தவர்கள் தாமஸ் டேனியல் என்பவரும் அவருடைய உடன்பிறந்தார் மகனான வில்லியம் டேனியலும். 1786-இல் சீனா வழியாகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தபோது வில்லியமுக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். முதலில் வடநாட்டைச் சுற்றினார்கள். காசியின் படித்துறைகளை வரைந்தார்கள். இமயத்தின் அடிவாரம் வரைக்கும் போனார்கள். பிறகு தம் ஓவியங்களைக் குலுக்கல் சீட்டு முறையில் விற்றுப் பணம் திரட்டிக்கொண்டு தென்னாடு வந்தார்கள். மைசூர்ப் போர் 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கையோடு முடிந்தது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து பயணம் தொடங்கிவிட்டது. திருச்சி, மதுரை, பாபநாசம் அருவி, குமரிமுனை மலைகள், இராமேசுவரம், தஞ்சை என்று நீண்ட யாத்திரை அது. பக்தியால் செய்த யாத்திரை அன்று. படை நடந்த சுவட்டைப் பின்தொடர்ந்து வந்த தொழில் பயணம். ஆயினும் அவர்கள் போன ஊர்களின் பெயர்களை வரிசையாகப் படித்தால், நம் வீட்டுப் பெரியவர்கள் ஆயுளில் ஒருமுறை செய்ய விரும்பிய தலயாத்திரையின் பட்டியல் போலவே இருக்கிறது.

அவர்களிடம் ஓர் இருட்டுப் பெட்டி இருந்தது. ஒரு பக்கம் கண்ணாடி வில்லை. உள்ளே சாய்த்துப் பொருத்திய முகக்கண்ணாடி. எதிரே உள்ள காட்சி வில்லையின் வழியே புகுந்து, உள்ளிருக்கும் காகிதத்தின் மேல் நிழலாக விழும். அந்த நிழலின் விளிம்பைப் பென்சிலால் தொடர்ந்து சென்றால் மலையின் வடிவம் பிசகாமல் வந்துவிடும். பிறகு நீரில் கரைத்த வண்ணத்தை மெல்லிய பூச்சாக அதன்மேல் ஓடவிடுவார்கள். நிழற்படக் கருவி பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு, ஓர் ஊரின் உருவத்தை ஏறத்தாழ உள்ளபடி எடுத்துக்கொண்டு போக இருந்த வழி இது.

நீர்வண்ணத்துக்கு ஓர் இயல்பு உண்டு. அதில் வெளிச்சத்தைத் தீட்ட முடியாது. காகிதத்தின் வெண்மையைத் தீண்டாமல் விட்டுவைத்தால் அதுவே வெளிச்சம். வானம் வேண்டுமா, வண்ணத்தைக் குறைக்க வேண்டும். வைத்த பூச்சைத் திரும்பவும் அழித்து எழுதுவது கடினம். ஈரவாசலில் கோலமிடும் பெண்ணின் கைக்கு இருக்க வேண்டிய துணிவு அந்தக் கைக்கும் வேண்டும். லண்டன் திரும்பிய பிறகு செப்புத் தகட்டில் பிசின் தூளும் அமிலமும் கொண்டு அந்தப் பூச்சின் சாயலை அப்படியே அச்சில் வரவழைத்து, ஒவ்வொரு படியின் மேலும் கையால் நீர்வண்ணம் தீட்டி வெளியிட்டார்கள். 1795 முதல் 1808 வரை, ஆறு தொகுதிகளாக 144 படங்கள். முழுத் தொகுப்பின் விலை 210 பவுன். அந்நாளில் ஒரு சாதாரணக் குடும்பம் நினைத்தும் பார்க்க முடியாத தொகை. தாயுமானவரின் மலை அவ்வாறு இங்கிலாந்துச் செல்வர்களின் நூலக அறைக்குள் போய்ச் சேர்ந்தது.

திருச்சிக்காரர்களும் வண்ணத்துக்கு அயலார் அல்லர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பிரகம் என்னும் மைக்காத் தகட்டின் மேல் தெய்வ வடிவங்களையும் உற்சவ ஊர்வலங்களையும் தீட்டும் ஓவியர்கள் அடுத்த நூற்றாண்டில் இந்த ஊரில் இருந்தார்கள். அவர்களுடைய படங்கள் இன்று உலகின் பல அருங்காட்சியகங்களில் உள்ளன. தீட்டியவர்களின் பெயர்கள்தாம் பெரும்பாலும் உடன் போகவில்லை.

கோட்டை போன பின்

படத்துக்கு வருவோம். 1792-இல் அந்த மலையைச் சுற்றி மெய்யாகவே ஒரு கோட்டை இருந்தது. மலைக்கோட்டை என்று நாம் சொல்லும்போது நம் மனத்தில் எழுவது மலை மட்டுமே. கோட்டை எங்கே என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லத் தடுமாறுவோம். மதுரை நாயக்கர்கள் காலத்தில் வலுப்பெற்ற மதிலும் அதைச் சூழ்ந்த அகழியும் மலையையும் தெப்பக்குளத்தையும் சுற்றுவீதிகளையும் அணைத்து நின்றன. சொக்கநாத நாயக்கர் தம் தலைநகரையே மதுரையிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டார். இராணி மங்கம்மாள் இங்கிருந்து ஆண்டார். பின்னர் சந்தாசாகிபு, ஆர்க்காட்டு நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பலரும் இந்த மதிலுக்காகப் போரிட்டனர். ஓவியர்கள் வந்தபோது ஆட்சி நவாபின் பெயரில், படை கும்பினியுடையது.

அடுத்த நூற்றாண்டில் மதிலை இடித்துவிட்டார்கள். அகழியை மூடினார்கள். மூடிய அகழியின் மேல் அகலமான சாலைகள் போட்டு, அவற்றுக்கு ஆங்கிலத்தில் புலவார்டு என்று பெயரிட்டார்கள். திருச்சி மக்களின் நாவில் அது புலியாகிவிட்டது. மேலப் புலிவார்டு சாலை, கீழப் புலிவார்டு சாலை என்று இன்றும் வழங்குகிறார்கள். புலிக்கும் அந்தச் சாலைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கையில் காய்கறிப் பையுடன் அந்தச் சாலையில் நடப்பவர் ஒரு காலத்து அகழியின் மேல்தான் நடக்கிறார்.

மதிலில் எஞ்சியது மேற்கு வாயில் ஒன்றுதான். மெயின் கார்டு கேட் என்று அதற்குப் பெயர். அதனடியில் நாள்தோறும் ஆயிரக்கணக்கான வண்டிகள் நுழைந்து வெளியேறுகின்றன. கோட்டை என்ற சொல் கோட்டை ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையிலும் மிஞ்சி நிற்கிறது. காவிரிக் கரையில் ஓடத்துறை என்றொரு பகுதி இருக்கிறது. ஓவியர்கள் வந்த நாளில் ஆற்றுக்குப் பாலம் கிடையாது. வெள்ளம் வந்துவிட்டால் ஓடமும் பரிசலும்தான் கதி. பாலம் வந்தது, பழைய பாலம் போய்ப் புதிய பாலமும் வந்தது, ஓடங்கள் போயின. ஓடத்துறை என்ற பெயர் மட்டும் போகவில்லை. கல்லைவிடச் சொல்லுக்கு ஆயுள் அதிகம் போலும்.

அவர்கள் பார்த்த காவிரியும் இன்றைய காவிரி அன்று. முக்கொம்பில் மேலணை கட்டப்பட்டது 1836-இல். அதற்கு முன், காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் தாழ்ந்த படுகையாக இருந்தமையால் நீரைப் பெரிதும் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. காவிரியில் மணல் மேடிட்டு வந்தது. தஞ்சைத் தரணியின் உழவர்கள் அதனால் பட்ட பாட்டை ஆர்தர் காட்டனின் அணை ஓரளவு தீர்த்தது. ஆக, படத்தின் முன்புறத்தில் தளும்பும் அந்த நீரும் ஒரு பழைய நீர்.

இவ்வளவையும் அறிந்தபின் அந்தப் படத்தை முழுமையான சாட்சி என்று கொள்ளலாமா? கூடாது. அக்காலத்து ஆங்கிலேய ஓவியர்களுக்கு இயற்கைக் காட்சி என்றால் ஓர் இலக்கணம் இருந்தது. ஓரத்தில் ஒரு மரம், முன்புறம் சற்றே இருள், நடுவில் நீரின் பளபளப்பு, தொலைவில் ஒளி படிந்த பழைய கட்டடம். இந்த இலக்கணத்துக்குள் அடங்கும் இடத்தைத் தேடிப் பிடித்து நின்றார்கள். போருக்குப் பிந்திய ஆண்டின் பசியையும் வறட்சியையும் அந்த இலக்கணத்துக்குள் வைக்க இடமில்லை. எல்லாம் அமைதியாக இருக்கிறது. ஆயினும் மலையின் வடிவத்தில் அவர்கள் கைவைக்கவில்லை. இமயத்தைக் காட்டிலும் மூத்த அந்தப் பாறைக்கு எவருடைய அழகூட்டலும் தேவைப்படவில்லை.

மரங்களுக்கு அப்பால் ஓர் ஊர்

படத்தின் தலைப்பில் உறையூரின் பெயர் இல்லை. மலைக்கு மேற்கே சிறிது தொலைவில்தான் உறையூர். சோழர்களுக்குக் காவிரிப்பூம்பட்டினம் துறைமுகம் என்றால் உறையூர் உள்நாட்டுத் தலைநகரம். யானையை ஒரு கோழி எதிர்த்து வென்ற மண் என்பதால் கோழி என்றும் அதற்குப் பெயர். சிலப்பதிகாரம் அப்பெயரை அறியும். கண்ணகியும் கோவலனும் கவுந்தியடிகளும் மதுரைக்குப் போகும் வழியில் தங்கிய ஊர் அது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல்வணிக நூல் ஒன்று, அர்கரு என்னும் ஊரில் கிடைக்கும் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அந்த ஊர் உறையூரே என்பது ஆராய்ச்சியாளர் பலரும் ஏற்பது. 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது பழைய பானை ஓடுகளோடு சாயத் தொட்டியும் வெளிப்பட்டது. அந்தத் துணிக்குச் சாயம் தோய்த்த ஊர் இதுதான் என்று மண்ணும் சொல்லிவிட்டது. உறையூரில் தறி ஓசை இன்னும் முற்றாக ஓயவில்லை.

அத்தகைய தலைநகரம் எப்படி ஒரு நகரத்தின் பேட்டையாகச் சுருங்கியது? வரலாறு பல காரணங்களைச் சொல்லும். அரசுகள் மாறின, தலைநகரங்கள் பழையாறைக்கும் தஞ்சைக்கும் பெயர்ந்தன. தலபுராணம் ஒரே காரணத்தைச் சொல்கிறது. சாரமாமுனிவர் என்னும் அடியவர் மலைமேல் உறையும் இறைவனுக்கென்று செவ்வந்தி நந்தவனம் வளர்த்தார். அந்த மலர்களை ஒருவன் திருடி உறையூர்ச் சோழனுக்குக் கொடுத்தான். மன்னன் மலரின் அழகில் மயங்கி, எங்கிருந்து வந்தது என்று ஆராயாமல், நாள்தோறும் கொண்டுவரச் சொன்னான். முனிவர் முறையிட்டார். அதுவரை கிழக்கு நோக்கியிருந்த பெருமான், உறையூர் இருக்கும் மேற்குத் திசைக்குத் திரும்பினார். மண்மாரி பொழிந்தது. ஊர் புதைந்தது.

இதைக் கதை என்று தள்ளிவிடுவோர், தாயுமானவர் சந்நிதிக்கு ஒருமுறை சென்று பார்க்கலாம். இறைவன் மேற்கு நோக்கியிருக்கிறார். கொடிமரம் அவருக்குப் பின்புறம் இருக்கிறது. அவர் கிழக்கு நோக்கியிருந்த நாளின் முறை மாறாமல், பூசை வேளையில் வாத்தியங்களும் பின்புறத்திலேயே முழங்குகின்றன. ஓர் ஊர் அழிந்த நினைவை ஒரு திருக்கோயில் தன் அமைப்பிலேயே வைத்துக் காத்து வருகிறது. அங்கே மேளம் கேட்கும் ஒவ்வொரு முறையும், உறையூரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லப்படுவதாகவே கொள்ளலாம்.

புதைந்த ஊரின் மக்கள் ஓடிச் சென்று அடைக்கலம் புகுந்த இடம் வெக்காளியம்மன் சந்நிதி. வீடிழந்த அவர்கள் அனைவருக்கும் வீடு கிடைக்கும் வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று அன்னை உறுதி பூண்டாளாம். இன்றும் அவள் கருவறைக்கு மேல் விதானம் இல்லை. வெயிலும் மழையும் அவள் மேல் விழுகின்றன. வேண்டுதலைச் சீட்டில் எழுதி அவள் சந்நிதியில் கட்டிவிட்டுப் போகும் பெண்களின் கூட்டம் குறைவதே இல்லை. வீட்டுக் கடன் அடைய வேண்டும் என்று எழுதப்படும் சீட்டுகளே அவற்றுள் மிகுதியாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. கூரையின் அருமை அறிந்த தாய் அவள்.

இறைவன் கண்ட காட்சி

மலையின் மேல் ஒரு பல்லவர் குடைவரை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. கங்கையைச் சடையில் ஏற்கும் பெருமானின் சிற்பம் அங்கே ஒரு சுவர் முழுதும் விரிந்துள்ளது. அதன் இரு புறத் தூண்களிலும் வடமொழிக் கல்வெட்டு. பொதுவாகக் கல்வெட்டு என்றால் நிலம், நெல், விளக்கு, ஆடு என்று கணக்கு இருக்கும். இங்கே இருப்பது கவிதை. அதில் ஒரு செய்தி இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு மிகவும் வேண்டியது.

தரையில் உள்ள கோயிலில் நின்றுகொண்டு சோழ நாட்டின் செழிப்பையும் காவிரியையும் நான் எவ்வாறு காண்பேன் என்று இறைவன் அன்போடு மன்னனைக் கேட்டாராம். அதற்காகவே மன்னன் விண்ணை அளாவும் இந்த மலைமேல் அவருக்கு இருப்பிடம் அமைத்தானாம். இன்னோர் இடத்தில் இன்னும் சுவையான கற்பனை. ஆறுகளில் விருப்பமுள்ளவர் தம் நாதர் என்பது உமையம்மைக்குத் தெரியும். ஏற்கெனவே ஒருத்தியைத் தலையில் வைத்திருப்பவர் ஆயிற்றே. காவிரியைக் கண்டு அவள்மேலும் மனம் வைத்துவிடுவாரோ என்று அஞ்சி, தந்தையாகிய இமவானின் வீட்டை விட்டு வந்து அம்மை இந்த மலையிலேயே தங்கிவிட்டாளாம். காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று சொல்லிச் சொல்லிக் காட்டுகிறாளாம். மன்னன் காவிரி நாட்டைக் கைக்கொண்டதைச் சொல்ல இதைவிட நயமான வழி உண்டா!

ஓவியர்கள் காவிரியில் நின்று மலையைப் பார்த்தார்கள். அதற்கு ஆயிரத்து நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகவே, மலையில் நின்று ஒருவர் காவிரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். லண்டனில் அச்சான படம் ஒரு திசையிலிருந்து வரைந்தது; கல்லில் பொறித்த படம் எதிர்த் திசையிலிருந்து வரைந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இந்த நிலக்காட்சி முழுமை பெறுகிறது. மலைக்கும் ஆற்றுக்கும் இடையே, மேற்குப் புறமாக, இரண்டு பார்வைகளுக்கும் அடங்கிக் கிடக்கிறது பழைய உறையூர்.

ஆற்றின் கரையில் நின்று அக்கரையைப் பார்ப்பது இந்த ஊரின் மரபிலேயே ஊறிய செயல். உறையூரில் தோன்றிய திருப்பாணாழ்வார், தம் குலத்தார்க்கு அந்நாளில் இருந்த தடையை எண்ணி, அரங்கத்தின் மண்ணில் அடிவைக்கத் துணியாமல், காவிரியின் தென்கரையில் நின்று யாழ் மீட்டி அரங்கனைப் பாடினார். தண்ணீருக்குப் போன உலோகசாரங்க முனிவர் வழிவிடச் சொன்னதும், பாட்டில் கரைந்து நின்ற அவர் காதில் அது விழாததும், முனிவர் எறிந்த கல்லால் ஆழ்வாரின் நெற்றியில் இரத்தம் வந்ததும், அதே குருதியை அரங்கனின் நெற்றியில் கண்டு முனிவர் துடித்ததும், அரங்கனின் ஆணைப்படி ஆழ்வாரைத் தோளில் சுமந்து சென்றதும் நாம் சிறுவயதில் பாட்டியிடம் கேட்டவை. ஓவியர்களுக்குப் படத்துக்கான முன்புறமாக வாய்த்த அந்த ஆறு, ஆழ்வாருக்குக் கடக்க முடியாத எல்லையாக இருந்தது.

அதே ஆறு இன்னொரு முறை ஒரு தாயைத் தடுத்தது. மகப்பேற்றுக்குத் துணையாக மகள் இரத்தினாவதியின் வீட்டுக்கு மூட்டை முடிச்சுடன் புறப்பட்ட தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். மகளுக்கு வலி கண்டது. மலைமேல் இருந்தவர் தாயின் உருவில் வந்து மருத்துவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்ததும் வாசலில் இரண்டு தாய்மார்! செவ்வந்திநாதர் தாயுமானவர் ஆன வரலாறு இது. சுகப்பிரசவத்துக்கு நேர்ந்துகொண்டவர்கள் இன்றும் அவருக்கு வாழைத்தார் சாற்றுகிறார்கள். ஆற்றைப் படத்தில் பார்க்கும்போது, அந்தத் தாய் எந்தப் படித்துறையில் பரிதவித்து நின்றிருப்பாள் என்று கண் தேடுகிறது.

உறையூரில் கோயில் கொண்டிருக்கும் சிவபெருமானுக்கு ஐவண்ணநாதர் என்று திருநாமம். கங்கையில் மனைவியை முதலைக்குப் பறிகொடுத்து, மனம் பேதலித்து, ஊர் ஊராக அலைந்த உதங்க முனிவர் இங்கே வந்தபோது, ஒரே நாளில் ஐந்து வேளைகளில் ஐந்து வண்ணங்களில் இறைவன் காட்சி தந்தார். காலையில் இரத்தினமாக, உச்சியில் படிகமாக, மாலையில் பொன்னாக, முதல் சாமத்தில் வைரமாக, நள்ளிரவில் சித்திரமாக. ஒளி மாறினால் வண்ணம் மாறும் என்பது ஓவியர்களின் பாடம். துயரத்தால் நிறம் இழந்து போன ஒருவருக்கு நிறங்கள் திரும்பக் கிடைத்தன என்பது உதங்கரின் பாடம்.

டேனியல்களின் அச்சுப்படங்கள் இப்போது பல நாட்டு நூலகங்களிலும் காட்சியகங்களிலும் உள்ளன. கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் அவர்களுடைய ஓவியங்களின் பெரிய தொகுப்பு இருக்கிறது. மலைக்கோட்டைப் படத்தின் மறுஅச்சும் கிடைக்கிறது. ஏற முடியாத கால்கள் உள்ள வீட்டில், பூசையறைக்கு வெளியே, நாற்காலிக்கு எதிரே உள்ள சுவரில் அதை மாட்டலாம். பேரப்பிள்ளை வந்து இது எந்த ஊர் என்று கேட்கும். புலிவார்டிலிருந்து தொடங்கிச் செவ்வந்திப் பூ வரைக்கும் சொல்வதற்குள் சாயங்கால விளக்கு ஏற்றும் நேரம் ஆகிவிடும். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேள்வி வர வேண்டும் என்பதுதான் கவலை. இன்று மலையைச் சுற்றிலும் எழுந்துள்ள அடுக்குக் கட்டடங்களால், கீழ்வீதிகளில் நின்றால் மலை முழுதாகத் தெரியும் இடங்கள் குறைந்து வருகின்றன. ஆற்றிலிருந்து பார்த்தால்தான் அது இன்னும் முழுமலை.

பழைய உறையூர் ஆண்டுக்கு ஒருநாள் மீண்டும் தலைநகரம் ஆகும். பங்குனி ஆயில்ய நாள். உறையூர்ச் சோழனின் மகளாகத் தாமரையில் தோன்றிய கமலவல்லி நாச்சியார், அரங்கத்தை நோக்கியபடி வடக்கு முகமாகத் திருமணக் கோலத்தில் எழுந்தருளியிருக்கிறாள். அவளைக் காண நம்பெருமாள் திருவரங்கத்திலிருந்து புறப்படுவார். பங்குனியில் காவிரி பெரும்பாலும் மணற்பரப்பாகத்தான் கிடக்கும். விடியற்காலையில் பல்லக்கு ஆற்றைக் கடக்கும்போது, உடன் வரும் கூட்டத்தில் வயதானவர்கள் மணலில் கால் புதையப் புதைய மெல்ல நடப்பார்கள். கிழக்கு வெளுக்கத் தொடங்கும். இடக்கைப் பக்கம், வானத்தின் வெண்மையில், தீட்டாமல் விட்ட காகிதத்தின் மேல் ஒரே பூச்சாக வைத்தது போல மலை தெரியும். கோவிந்தா என்று சொல்லிக்கொண்டே வந்தவர்கள் ஒரு கணம் நின்று, பிள்ளையாருக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பல்லக்கின் பின்னால் விரைந்து நடப்பார்கள்.